வைஃபை வருகிறது, வயர் மட்டும் வரவில்லை: லேப்டாப்பின் லேன் இணைப்பைச் சரிசெய்யும் முறை

வீட்டிலிருந்து வேலை தரும் நிறுவனங்களில் பல, வைஃபை போதாது, லேன் கேபிள் வழியாகத்தான் லேப்டாப் இணைந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கின்றன. எனக்குக் கிடைத்த கணக்கு வேலையிலும் அந்த நிபந்தனை இருந்தது. திங்கட்கிழமை பயிற்சி தொடங்க வேண்டும். முந்தைய புதன்கிழமை மாலை கேபிளைச் செருகியபோது ரூட்டரில் பச்சை விளக்கு எரிந்ததே தவிர, லேப்டாப்பில் இணையம் வரவில்லை. அடுத்த நான்கு நாட்களில் இரண்டு கேபிள்கள் வாங்கினேன். இணைய நிறுவனத்திலிருந்து ஒருவரை வரவழைத்தேன். பழுதுபார்க்கும் கடை ஒன்றில், மதர்போர்டில் இருக்கும் லேன் சிப் போய்விட்டது, 4,500 ரூபாயும் நான்கு நாட்களும் ஆகும் என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு திரும்பினேன். சிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. செட்டிங்ஸில் ஒரே ஒரு வரி தவறாக இருந்தது. அதைத் திருத்த இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த நான்கு நாட்களும் பணமும் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 லேப்டாப்புகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். படிகளை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் போர்ட்டையும் செட்டிங்ஸையும் ஒரே மூச்சில் மாற்றினால், இணைப்பு வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது, மறுமுறை போனால் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

லேப்டாப் வாங்கிய பில்லைத் தேடி எடுங்கள். லேப்டாப்பின் அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும். அவற்றைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் (லேன் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருள்) தேடுவதற்கும் வாரண்டி கேட்பதற்கும் இவை இரண்டும் தேவைப்படும். இணைய இணைப்பின் வாடிக்கையாளர் எண், பதிவு செய்த கைபேசி எண், இணைப்புக் கொடுத்தபோது தந்திருந்தால் பயனர் பெயரும் கடவுச்சொல்லும், இவையும் அருகில் இருக்கட்டும்.

டேட்டா இருக்கும் ஒரு கைபேசியும் அதன் யூ.எஸ்.பி. கேபிளும் அவசியம். வைஃபையும் இல்லாமல் போகும் கட்டத்தில், கைபேசியை லேப்டாப்போடு கேபிளால் இணைத்து யூ.எஸ்.பி. டெதரிங்கை இயக்கினால், டிரைவர் பதிவிறக்கும் அளவுக்கு இணையம் கிடைத்துவிடும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் மலிவான கேபிள்களில் டெதரிங் வேலை செய்யாது. கைபேசியோடு வந்த கேபிளையே எடுங்கள்.

நிதானமாகச் செய்தால் முழு வேலைக்கும் ஒன்றரை மணி நேரம் போதும். எந்த செட்டிங்ஸை மாற்றுவதாக இருந்தாலும், மாற்றுவதற்கு முன் அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2. வைஃபையை அணைத்துவிட்டு, திரை சொல்வதைப் படியுங்கள்

முதலில் வைஃபையை அணைத்துவிடுங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் இணையம் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது; வயர் சரியாகிவிட்டது என்று நம்பி, வேலை நேரத்தில் ஏமாறுவீர்கள். பிறகு கேபிளைச் செருகி, ஸ்டார்ட் மெனு, செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈதர்நெட் என்ற வரிசையில் செல்லுங்கள். லேன் இணைப்பை விண்டோஸ் ஈதர்நெட் என்றே அழைக்கிறது. அங்கே நான்கு நிலைகளில் ஒன்றைக் காண்பீர்கள்.

ஈதர்நெட் என்ற பெயரே இல்லையென்றால், விண்டோஸுக்கு லேன் அடாப்டர் (லேப்டாப்பில் லேன் இணைப்பைக் கையாளும் பாகம்) இருப்பதே தெரியவில்லை. நீங்கள் 4, 5 படிகளைப் பார்க்க வேண்டும். பெயர் இருந்து, நாட் கனெக்டட் என்றோ கேபிள் அன்பிளக்ட் என்றோ வந்தால், மின்சமிக்ஞையே வந்து சேரவில்லை. 3-ஆம் படி உங்களுக்கானது. அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க் என்று வந்தால், சமிக்ஞை வருகிறது, ஆனால் முகவரி சரியில்லை. 6-ஆம் படிக்குச் செல்லுங்கள். கனெக்டட் என்று வந்தும் எந்தப் பக்கமும் திறக்கவில்லையென்றால் 7, 8 படிகளைப் பாருங்கள்.

என் திரையில் முதல் நாளே அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க் என்றுதான் இருந்தது. அதன் பொருள் தெரிந்திருந்தால் இரண்டு கேபிள்கள் வாங்கியிருக்க மாட்டேன்.

3. கேபிள், பிளக், போர்ட்

லேன் கேபிளின் முனையில் இருக்கும் பிளக்கை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். எட்டுச் சிறிய தங்க நிறத் தகடுகள் வரிசையாக இருக்கும். எட்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உள்வாங்கியிருந்தாலும் பச்சை படிந்திருந்தாலும் அந்தப் பிளக் நம்பத்தக்கதல்ல. மேலே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால், பிளக் உள்ளே போனதுபோல் தெரிந்தாலும் மேசை அசைந்தால் அரை மில்லிமீட்டர் பின்வாங்கி இணைப்பு அறுந்துவிடும். சரியாகச் செருகும்போது 'கிளிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும்; மெதுவாக இழுத்தால் வரக்கூடாது.

மெலிதான லேப்டாப்புகளில் லேன் துளை முழு உயரத்துக்கு இருக்காது. கீழ்ப்பகுதி ஒரு சிறு தாடைபோல ஸ்பிரிங்கில் மடிந்திருக்கும். அதை விரலால் கீழே தள்ளிக்கொண்டு பிளக்கைச் செருக வேண்டும். தாடை முழுவதும் திறக்காமலே அழுத்தினால் பிளக் சாய்வாக நின்று, உள்ளே இருக்கும் கம்பிகளில் இரண்டு மூன்று மட்டும் தொடும். துளைக்குள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். எட்டு மெல்லிய கம்பிகள் சீப்பின் பற்களைப்போல இணையாக இருக்க வேண்டும். ஒன்று மற்றொன்றின்மேல் சாய்ந்திருந்தால் யாரோ தொலைபேசி வயரின் சிறிய பிளக்கைத் தவறுதலாகச் செருகியிருக்கலாம். தூசி இருந்தால், லேப்டாப்பை அணைத்த பிறகு உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள். ஊசி, குண்டூசி எதையும் உள்ளே விடாதீர்கள்.

அடுத்து விளக்குகள். ரூட்டரில் ஒவ்வொரு லேன் போர்ட்டுக்கும் ஒரு விளக்கு உண்டு. பல லேப்டாப்புகளில் துளையின் ஓரத்திலும் இருக்கும். கேபிளைச் செருகிய சில நொடிகளில் விளக்கு எரிந்தால் இரு முனைகளும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று பொருள். எரியவில்லையென்றால் மூன்று சோதனைகளை இந்த வரிசையில் செய்யுங்கள். ரூட்டரில் வேறு லேன் போர்ட்டில் செருகிப் பாருங்கள். பிறகு அதே கேபிளில் வேறொரு கருவியை, டி.வி.யையோ நண்பரின் லேப்டாப்பையோ, இணைத்துப் பாருங்கள். கடைசியாக, வேறொரு கேபிளை உங்கள் லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். கேபிளைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலே போதும். சோதனைக்கு முன்பே புதிது வாங்கத் தேவையில்லை. வாங்க நேர்ந்தால், நான் வாங்கியபோது இரண்டு மீட்டர் கேட்-5இ கேபிள் 120 ரூபாய்; வீட்டு இணையத்துக்கு அதுவே போதும்.

இந்தப் படியில் நான் கண்ட பொறிகளைச் சொல்லிவிடுகிறேன். ரூட்டரில் வேன் (WAN) என்று எழுதிய, பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும் போர்ட், வெளியிலிருந்து இணையம் வந்து சேரும் இடம். லேப்டாப்பை அதில் செருகக்கூடாது. ஃபைபர் மோடத்தில் நான்கு லேன் போர்ட்டுகள் இருந்தாலும், அவற்றில் ஒன்றை இணையவழித் தொலைக்காட்சிக்கென்று நிறுவனத்தார் ஒதுக்கி வைத்திருப்பதுண்டு. அதில் விளக்கு எரியும், இணையம் வராது. ஆகவே முதல் போர்ட்டில் சோதியுங்கள்.

மற்றொன்று, விளக்கு எரிந்தாலும் கேபிள் முழுமையாக நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடிகள் போதும். 1,000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு ஜோடி அறுந்த கேபிள் சில நேரம் 100-இல் இணையும், சில நேரம் 1,000-க்கு முயன்று விழும். இணைப்பு வந்து வந்து போகும். ஜன்னல் இடுக்கில் நசுங்கிய கேபிள், அணிலோ எலியோ கடித்த கேபிள், கதவுக்கடியில் மடிந்த கேபிள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. மாடியிலிருந்து இழுத்து வந்த கேபிளானால் முழுக் கேபிளையும் மாற்றத் தேவையில்லை. கேபிள்காரரிடம் இரு முனைகளிலும் புதிய பிளக் அடித்துத் தரச் சொல்லுங்கள். இரு முனைகளிலும் நிற வரிசை ஒன்றாக இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. அவர் அடித்து முடித்ததும் பிளக்கின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வழியாக இந்த வரிசையை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரே நீளத்தில் 100 மீட்டருக்கு மேல் இழுக்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

4. முழுமையாக அணைத்து எழுப்புங்கள்

விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் எல்லாம் அணைந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி இயங்கினால், அணைக்கும்போது கணினி தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்து, மறுநாள் அதையே எடுத்துத் தொடரும். சிக்கிக்கொண்ட லேன் அடாப்டரும் சிக்கிய நிலையிலேயே எழுந்து வரும். ஆகவே ஷட் டவுனுக்குப் பதிலாக ரீஸ்டார்ட் கொடுங்கள்.

அதிலும் சரியாகவில்லையென்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் லேன் கேபிளையும் கழற்றுங்கள். பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பவர் பட்டனை 30 நொடிகள் அழுத்திப் பிடித்திருந்து விட்டுவிடுங்கள். பிறகு சார்ஜரை இணைத்து இயக்குங்கள். திடீரென்று காணாமல்போன அடாப்டர் இந்த ஒரு செயலில் திரும்பி வருவதுண்டு. ரூட்டரையும் மோடத்தையும் மின்சாரத்திலிருந்து எடுத்து, ஒரு நிமிடம் கழித்து, முதலில் மோடத்தையும் அதன் விளக்குகள் நிலைத்த பிறகு ரூட்டரையும் இயக்குங்கள்.

5. அடாப்டரே தெரியவில்லையென்றால்

ஸ்டார்ட் பட்டன்மேல் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். நெட்வொர்க் அடாப்டர்ஸ் என்ற வரியை விரித்தால் ரியல்டெக் அல்லது இன்டெல் போன்ற பெயரில் ஒரு வரி இருக்கும். அதன்மேல் கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள். வலது கிளிக் செய்து எனேபிள் கொடுங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் குறை.

டிரைவரை லேப்டாப் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் எடுங்கள். சப்போர்ட் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணையோ சீரியல் எண்ணையோ கொடுத்து, லேன் அல்லது ஈதர்நெட் என்ற தலைப்பின் கீழ் இருப்பதைப் பதிவிறக்குங்கள். தேடலில் முதலில் வரும் 'எல்லா டிரைவரையும் தானே புதுப்பிக்கும்' மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். பணம் கேட்பவையும் தேவையற்றதை உள்ளே ஏற்றுபவையும் அவற்றில் அதிகம். புதிய டிரைவர் ஏற்றிய பிறகுதான் சிக்கல் தொடங்கியது என்றால், அதே வரியில் ப்ராப்பர்டீஸ், டிரைவர், ரோல் பேக் டிரைவர் என்று சென்று பழையதற்குத் திரும்பலாம்.

அதே ப்ராப்பர்டீஸில் பவர் மேனேஜ்மென்ட் என்ற பக்கம் இருந்தால், மின்சாரத்தைச் சேமிப்பதற்காக இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப் உறங்கி எழுந்த பிறகு மட்டும் வயர் இணைப்பு வராமல் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தீர்வாகிறது.

பட்டியலில் அடாப்டர் அறவே இல்லையென்றால் பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே எழும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பில், லேன் முடக்கப்பட்டிருக்கலாம். இயக்கும்போது எஃப்2, எஃப்10, டெலீட் ஆகியவற்றில் உங்கள் நிறுவனத்துக்குரிய விசையை அழுத்தி உள்ளே சென்று, ஆன்போர்டு லேன் அல்லது இன்டெக்ரேட்டட் நிக் என்ற வரி எனேபிள்ட் என்று இருக்கிறதா பாருங்கள். வேறு எதையும் அங்கே மாற்ற வேண்டாம்.

6. ஐ.பி. முகவரி

என் நான்கு நாட்களும் கரைந்த இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டில் ரூட்டரோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஓர் எண் முகவரி தருகிறது. வீட்டு ரூட்டர்கள் பலவற்றில் அது 192.168.1.5, 192.168.0.12 என்பதுபோல இருக்கும். ஒரே வீட்டில் முதல் மூன்று எண்களும் எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாகவும் கடைசி எண் மட்டும் வேறாகவும் இருப்பது வழக்கம். செட்டிங்ஸில் ஈதர்நெட் பக்கத்தைக் கீழே உருட்டினால் ஐ.பி.வி.4 அட்ரஸ் என்ற வரியில் உங்கள் லேப்டாப்பின் முகவரி இருக்கும். கைபேசியின் வைஃபை விவரங்களில் அதன் முகவரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால், லேப்டாப் ரூட்டரிடம் முகவரி கேட்டுப் பதில் வராததால் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். கேபிளின் ஒரு ஜோடி அறுந்திருக்கலாம், தவறான போர்ட்டாக இருக்கலாம், ரூட்டர் உறைந்திருக்கலாம். 3, 4 படிகளை மீண்டும் செய்யுங்கள்.

முகவரி வேறு எண்ணில் தொடங்கி, கைபேசியின் எண்ணோடு ஒத்துப்போகவில்லையென்றால், யாரோ அதைக் கையால் எழுதி வைத்திருக்கக்கூடும். என்னுடையது அப்படித்தான். என் பழைய அலுவலகம் கழித்த லேப்டாப்புகளை ஊழியர்களுக்கே விற்றபோது, நான் பயன்படுத்தியதையே வாங்கிக்கொண்டேன். அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் சர்வரோடு இணைவதற்காக லேன் அடாப்டருக்கு நிலையான முகவரி எழுதியிருந்தார்கள். ஒவ்வொரு அடாப்டருக்கும் முகவரி தனித்தனி. வைஃபைக்கு எதுவும் எழுதவில்லை. ஒன்றரை ஆண்டு வீட்டில் வைஃபையில் மட்டுமே பயன்படுத்தியதால் எனக்கு எந்தத் தடையும் தெரியவில்லை. வைஃபை ஓடுகிறதே, செட்டிங்ஸில் குறை இருக்க வாய்ப்பில்லை என்று நானும் நினைத்தேன், வீட்டுக்கு வந்தவரும் கடைக்காரரும் அப்படியே நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். அவள் மகன் தன் லேப்டாப்பை என்னுடையதற்கு அருகில் சாப்பாட்டு மேசையில் வைத்து, அதே கேபிளை அதில் செருகினான். உடனே இணையம் வந்தது. இரண்டு திரைகளிலும் ஈதர்நெட் பக்கத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு வரியாக விரலால் ஒப்பிட்டுக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நிறுத்தி, "மாமா, எனக்கு 192-ன்னு இருக்கு, உங்களுக்கு மட்டும் ஏன் 10-ன்னு ஆரம்பிக்குது?" என்று கேட்டான். அதற்கு மேலே ஐ.பி. அசைன்மென்ட் என்ற வரியில் அவனுடையதில் ஆட்டோமேட்டிக் என்றும் என்னுடையதில் மேனுவல் என்றும் இருந்தது. எடிட் பட்டனை அழுத்தி ஆட்டோமேட்டிக் டி.எச்.சி.பி. (ரூட்டரே முகவரி தரும் முறை) என்பதைத் தேர்ந்து சேவ் கொடுத்தோம். பத்து நொடிக்குள் இணைப்பு வந்துவிட்டது.

உங்கள் லேப்டாப்பிலும் அந்த வரியைப் பாருங்கள். விண்டோஸ் 11-இல் அதற்குக் கீழே, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றும் டி.என்.எஸ்.ஸுக்கு, டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட் என்று தனி வரி உண்டு. அதையும் ஆட்டோமேட்டிக் ஆக்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை மறப்பவர்கள் பலர். லேப்டாப் இன்னும் அலுவலகத்துக்கும் போய்வருவதாக இருந்தால், பழைய எண்களைப் படம் எடுக்காமல் மாற்றாதீர்கள். அலுவலகத்தில் மீண்டும் அவை தேவைப்படும்.

7. முகவரி சரி, இணையம் மட்டும் இல்லை

ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் பிராம்ப்ட் என்று தேடிக் கறுப்புத் திரையைத் திறங்கள். ஆங்கிலத்தில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று எழுதி என்டர் தட்டினால், ஈதர்நெட்டின் கீழ் டிஃபால்ட் கேட்வே என்ற வரியில் ரூட்டரின் முகவரி இருக்கும். பிறகு பிங் (ping) என்ற சொல்லை எழுதி, இடைவெளி விட்டு, அந்த முகவரியை, பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, எழுதி என்டர் தட்டுங்கள். ரிப்ளை என்று தொடங்கும் நான்கு வரிகள் வந்தால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் இடையே எல்லாம் சரி. அடுத்து அதேபோல 8.8.8.8 என்ற முகவரிக்குச் செய்யுங்கள். இதற்கும் ரிப்ளை வந்து, பிரௌசரில் மட்டும் தளங்கள் திறக்கவில்லையென்றால், பெயரை முகவரியாக மாற்றும் டி.என்.எஸ். சரியில்லை; டி.என்.எஸ்.ஸை மேனுவல் ஆக்கி 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். ரூட்டர் பதில் தந்து 8.8.8.8 தரவில்லையென்றால் குறை உங்கள் லேப்டாப்பில் இல்லை, வெளியே இருக்கிறது; 8-ஆம் படிக்குச் செல்லுங்கள்.

இரண்டு பிங்கும் சரியாக இருந்தும் இணையம் வராத நிலையில், செட்டிங்ஸில் ப்ராக்ஸி (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) பக்கத்தைப் பாருங்கள். கல்லூரியிலோ அலுவலகத்திலோ எழுதி வைத்த ப்ராக்ஸி முகவரி அங்கே தங்கியிருந்தால் அணைத்துவிடுங்கள். வி.பி.என். ஓடினால் துண்டியுங்கள். லேப்டாப்பின் தேதியும் நேரமும் தவறாக இருந்தால் பாதுகாப்பான தளங்கள் எவையும் திறக்காது என்பதால் அதையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. இணைய நிறுவனத்தின் பக்கம்

மோடத்தில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் சமிக்ஞை வரவில்லை. லேப்டாப்பில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை, புகார் கொடுங்கள்.

ரூட்டர் இல்லாமல் நேரடியாக லேப்டாப்புக்கே வயர் வரும் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில உள்ளூர் நிறுவனங்கள், முதலில் இணைத்த கருவியின் மேக் முகவரியைப் பதிந்துகொண்டு, அதற்கு மட்டும் இணையம் தருகின்றன. லேப்டாப்பையோ ரூட்டரையோ மாற்றினால், பழைய பதிவை நீக்கிப் புதியதைப் பதியும்வரை இணைப்பு வராது. மேக் முகவரி என்பது எழுத்தும் எண்ணும் கலந்து, இரண்டிரண்டாகப் பிரிந்த பன்னிரண்டு குறிகளின் வரிசை. ஈதர்நெட் பக்கத்தில் பிசிகல் அட்ரஸ் என்ற வரியில் இருக்கும். வைஃபை பக்கத்திலும் இதே பெயரில் வேறொரு முகவரி இருக்கும். அதைக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருப்பது அடிக்கடி நடக்கிறது. ஈதர்நெட் பக்கத்தில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்திருந்தால், டயல்-அப் பக்கத்தில் பி.பி.பி.ஓ.இ. இணைப்பை உருவாக்கி அவற்றைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

புகார் கொடுக்கும்போது டாக்கெட் எண்ணை (புகாரின் பதிவு எண்) கேட்டு வாங்காமல் பேச்சை முடிக்காதீர்கள். புகாருக்கு டாக்கெட் எண் தருவதும், தீர்வு திருப்தியாக இல்லையென்றால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல வழிவைப்பதும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2012-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி பிராட்பேண்டு நிறுவனங்களின் கடமை. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் கிடையாது. புகார் கொடுத்த நாளும் நேரமும் டாக்கெட் எண்ணும் ஒரே தாளில் இருக்கட்டும். வருபவர் தன் லேப்டாப்பில் மட்டும் சோதித்து, 'லைன் சரி' என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால், உங்கள் லேப்டாப்பின் முகவரியையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டில் அதைக் கேட்டிருந்தால் வியாழக்கிழமையே முடிந்திருக்கும்.

9. அலுவலகம், கல்லூரி, விடுதி

இங்கே உங்கள் முயற்சிக்கு எல்லை உண்டு. பல இடங்களில் லேப்டாப்பின் மேக் முகவரியைக் கணினிப் பிரிவில் பதிந்த பிறகே சுவரில் இருக்கும் போர்ட் உயிர்பெறும். சில இடங்களில் பயனர் பெயர் கேட்கும் 802.1எக்ஸ் முறை இருக்கும். அதற்கு விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் வயர்டு ஆட்டோகான்ஃபிக் என்பது ஓட வேண்டும், அது தானாகத் தொடங்குவதில்லை. அடையாள அட்டை, லேப்டாப் சீரியல் எண், ஈதர்நெட்டின் மேக் முகவரி ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு நேரே கணினிப் பிரிவுக்குச் செல்லுங்கள். சுவர் போர்ட்டின்மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும் குறித்துச் சென்றால் அவர்களுக்கு வேலை எளிதாகும்.

10. நெட்வொர்க் ரீசெட், கடைசியாக

விண்டோஸ் 11-இல் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸின் கீழும், விண்டோஸ் 10-இல் ஸ்டேட்டஸ் பக்கத்தின் அடியிலும் நெட்வொர்க் ரீசெட் இருக்கிறது. அது எல்லா அடாப்டர்களையும் நீக்கி, லேப்டாப்பை மறுதொடக்கம் செய்து, புதிதாக நிறுவும். என் சிக்கல்கூட இதில் தீர்ந்திருக்கும். ஆனால் சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் போய்விடும், வி.பி.என். மென்பொருளை மீண்டும் அமைக்க வேண்டியிருக்கும். கையால் எழுதிய முகவரிகள் அழிந்துவிடும். அலுவலகத்தார் கொடுத்த லேப்டாப்பானால் அவர்களைக் கேட்காமல் செய்யக்கூடாது. சொந்த லேப்டாப்பானால், கடவுச்சொற்களை எழுதி வைத்துக்கொண்டு செய்யலாம்.

11. 'சிப் போய்விட்டது' என்று சொன்னால்

மதர்போர்டைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் ஒரு சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள். 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில், விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான உபுண்டுவை ஏற்றி, லேப்டாப்பை அதிலிருந்து இயக்கி, நிறுவாமல் 'ட்ரை உபுண்டு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் தொடப்படாமலே முற்றிலும் வேறொரு அமைப்பில் லேப்டாப் ஓடும். அங்கே லேன் கேபிளைச் செருகி இணையம் வந்துவிட்டால், சிப்பும் துளையும் நலமாக இருக்கின்றன, குறை விண்டோஸின் டிரைவரிலோ செட்டிங்ஸிலோ இருக்கிறது என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். உபுண்டு இலவசம், பதிவிறக்க நேரம் தவிர அரை மணி நேர வேலை. இதற்காகப் பயாஸில் எதையாவது மாற்றினால், பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயங்கும் லேப்டாப் அடுத்த முறை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளாமல் தொடங்காதீர்கள்.

உபுண்டுவிலும், வேறு கேபிளிலும், வேறு போர்ட்டிலும் இணைப்பு வரவில்லையென்றால் துளையோ சிப்போ உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம். வாரண்டி இருந்தால் பில், சீரியல் எண் இரண்டோடும் நிறுவனத்தின் சேவை மையத்துக்குச் செல்லுங்கள். கொடுக்கும் முன் கோப்புகளை வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்திருந்தால், மதர்போர்டு வேலைக்குப் பணம் கொடுப்பதைவிட யூ.எஸ்.பி. லேன் அடாப்டர் வாங்குவதே என் பார்வையில் நல்லது. நான் விசாரித்தபோது 100 மெகாபிட் அடாப்டர் 450 ரூபாய்க்கும் கிகாபிட் அடாப்டர் 1,100 ரூபாய்க்கும் கிடைத்தது. கிகாபிட்டை வாங்குவதானால் லேப்டாப்பின் யூ.எஸ்.பி. 3.0 துளையில் செருகுங்கள், 2.0 துளையின் உச்ச வேகமே 480 மெகாபிட்தான். அடாப்டருக்கென்று தனி மேக் முகவரி உண்டு என்பதால், பதிவு கேட்கும் இடங்களில் புதிய முகவரியைக் கொடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி இடிக்கும்போது, மொட்டை மாடி வழியாகச் செம்புக் கேபிள் வரும் வீடுகளில் லேன் துளைகள் கருகுவது வழக்கமாக நடக்கிறது. மின்னல் தாக்கிய பழுதைச் சாதாரண வாரண்டியில் பெரும்பாலும் ஏற்பதில்லை. வானம் இருட்டத் தொடங்கியதுமே சார்ஜரோடு லேன் கேபிளையும் கழற்றி வையுங்கள். இடி தலைக்குமேல் வந்துவிட்ட பிறகு கேபிளைத் தொட வேண்டாம்.

இணைப்பு வந்த பிறகு ஈதர்நெட் பக்கத்தில் லிங்க் ஸ்பீடு என்ற வரியைப் பார்த்து, 100 என்று இருக்கிறதா 1,000 என்று இருக்கிறதா எனக் குறித்து வையுங்கள். இரு பக்கமும் கிகாபிட் கருவிகளாக இருந்தும் 1,000 என்று இருந்தது ஒருநாள் 100 ஆகிவிட்டால், கேபிளின் ஒரு ஜோடி அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது 3-ஆம் படியிலிருந்து தொடங்கினால் போதும்.